சிவப்புச் செங்கல் வரிசை வீட்டில் கட்டடக்கலை எங்கே இருக்கிறது?

வாசகர் பதிவு, 7 அக்டோபர் 2022

இங்கிலாந்து நகரங்களில் தெருத்தெருவாக நிற்கும் விக்டோரியா காலத்துச் சிவப்புச் செங்கல் வரிசை வீடுகளை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. தொழிலாளர்களைக் குடிவைக்க ஒப்பந்தக்காரர்கள் அவசரத்தில் கட்டியவை. கட்டடக் கலைஞர் என்று ஒருவர் பெயர்கூடக் கிடையாது. குளிர், ஈரம், இருட்டு ஆகிய மூன்றும்தான் அவற்றின் கட்டடக்கலை என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

8 அக்டோபர் 2022

இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லாண்ட்ஸில் உள்ள லெஸ்டர் நகரில், இப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் குடியிருக்கிறேன். குளிரையும் ஈரத்தையும் பற்றிப் பிறகு பேசலாம்; முதலில் "ஒரே அச்சு" என்பதைப் பார்ப்போம்.

என் தெருவை எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தால் உங்கள் கருத்து சரியென்றே தோன்றும். ஆனால் சுவரை ஒட்டி நடந்து பார்த்தால் சில வீடுகளுக்கு ஒருமுறை செங்கல்லின் நிறம் ஒரு சாயல் மாறுகிறது. தரையிலிருந்து கூரைவரை செங்குத்தாக ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜன்னல் மேல் வளைவு, அந்தப் பக்கம் தட்டையான கல் உத்திரம். காரணம் எளிது. இந்தத் தெருக்களை ஒரே நிறுவனம் ஒரே மூச்சில் கட்டவில்லை. கடன் வாங்கி, இரண்டு நான்கு மனைகளாக எடுத்து, குடிவருபவர் யாரென்று தெரியாமலே கட்டி முடித்து, வாடகை வருமானத்துக்காக வாங்குபவர்களிடம் விற்ற சிறு ஒப்பந்தக்காரர்களின் வேலை இது. ஒருவரின் பணம் தீர்ந்த இடத்தில் இன்னொருவர் தொடங்கினார். அந்தக் கோடு அவருடைய பணம் தீர்ந்த இடம்.

அப்படியானால் ஒற்றுமை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி சட்டத்திலிருந்து. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும், அதையொட்டி 1877இல் அரசு வெளியிட்ட மாதிரி துணைவிதிகளும், ஊராட்சி அமைப்புகளுக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தன. புதிய வண்டித் தெரு 36 அடி அகலம் இருக்க வேண்டும். வீட்டின் பின்னால் குறைந்தது 150 சதுர அடி திறந்த வெளி வேண்டும். அறையின் ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. சுவருக்குள் ஈரம் ஏறாமலிருக்க அடியில் ஒரு தடுப்பு அடுக்கு வேண்டும். ஊருக்கு ஊர் சிறு மாற்றங்களோடு இதே விதிகள் ஏற்கப்பட்டதால்தான் தெருவின் அகலமும் முற்றத்தின் அளவும் நாடெங்கும் ஒன்றுபோல் இருக்கின்றன. இன்று சலிப்பாகத் தெரியும் அந்த நேர்கோட்டுத் தெரு, காலரா கண்ட தலைமுறைக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைத்த தெரு.

8 அக்டோபர் 2022, இரவு

கட்டடக் கலைஞர் பெயர் பற்றி ஒரு வரி. பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது என்பது உண்மை. ஆனால் லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் உள்ள வெல்ஷ் தெருக்களுக்கு உண்டு: ரிச்சர்ட் ஓவன்ஸ். வேல்ஸிலிருந்து வந்த கட்டுநர்களுக்காக அவர் வரைந்த வரிசை வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பெயர் இல்லை என்பதற்காக ஒரு கட்டடத்தில் சிந்தனை இல்லை என்று முடிவு கட்டினால் நம்மூர்க் கோயில்களில் பாதிக்கு மேல் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

15 அக்டோபர் 2022

வேறொரு வாசகர், லண்டனில் தான் பார்த்த பழைய வீடுகள் மஞ்சளும் சாம்பலுமாக இருக்க, மிட்லாண்ட்ஸிலும் வடக்கிலும் மட்டும் ஏன் இவ்வளவு சிவப்பு என்று கேட்டிருக்கிறார்.

முதற்காரணம் மண். களிமண்ணில் இரும்புச் சத்து இருந்து, சூளைக்குள் காற்று தாராளமாகப் புகுந்தால் அந்த இரும்பு ஆக்சைடாகிச் செங்கல் சிவக்கும். லெஸ்டரைச் சுற்றியுள்ள செம்மண் பாறை அடுக்கு அப்படிப்பட்டது. லண்டன் செங்கல்லுக்கான மண்ணில் சுண்ணாம்புக் கட்டியைச் சேர்த்துச் சுட்டார்கள். அதனால் அது மஞ்சளாயிற்று. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்டாஃபர்ட்ஷயரின் இரும்பு மிகுந்த களிமண்ணை அதிக வெப்பத்தில், காற்றைக் குறைத்துச் சுட்டால் அதே இரும்பு கருநீலமாக மாறிவிடும். நீர் புகாத அந்த நீலச் செங்கல்லைத்தான் சுவரின் அடிப்பட்டையிலும், மதிலின் மேல் விளிம்பிலும், பின்முற்றத் தளத்திலும் காண்கிறோம். சிவப்புச் சுவரின் காலடியில் ஓடும் அந்தக் கரிய பட்டை அலங்காரமாகத் தெரிந்தாலும் அதன் வேலை ஈரத்தை மறிப்பது.

இரண்டாவது காரணம் பணமும் இரயிலும். 1784 முதல் செங்கல்லுக்கு எண்ணிக்கைக் கணக்கில் வரி இருந்தது. எங்கள் மாவட்டத்து மீஷம் ஊரில் ஜோசப் வில்க்ஸ் என்பவர் அந்த வரியைக் குறைக்க இரட்டைப் பருமனில் செங்கல் அறுத்தார். அவற்றால் கட்டிய வீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. அரசு விடுமா? பெரிய செங்கல்லுக்கு 1803இல் வரியை இரட்டித்தது. வரியே 1850இல் நீக்கப்பட்டது. 1858இல் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற தொடர்சூளை, நெருப்பு அணையாமல் அறை அறையாகச் சுடும் முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் லங்காஷயரின் அக்ரிங்டனிலிருந்தும் வேல்ஸின் ருவாபனிலிருந்தும் இயந்திரத்தில் அழுத்திய, கூரான விளிம்புள்ள, அடர்சிவப்புச் செங்கற்கள் இரயிலேறிப் போயின. கூரைக்கு வேல்ஸின் சாம்பல்நீலப் பலகைக்கல்லும் அதே வழியில் வந்தது.

மூன்றாவது காரணம் நாகரிக மோகம். வெள்ளைப் பூச்சு பூசிய, ஜார்ஜ் மன்னர்கள் காலத்து முகப்பு அலுத்துப்போன காலம் அது. வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸுக்காக 1859இல் கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப் வரைந்த வீட்டின் பெயரே 'சிவப்பு இல்லம்'. 1875இல் தொடங்கிய லண்டனின் பெட்ஃபோர்டு பார்க் குடியிருப்பு, சிவப்புச் செங்கல்லை நடுத்தர வர்க்கத்தின் ஆசையாக்கியது. மேட்டுக்குடியின் ரசனை ஒப்பந்தக்காரரின் தெருவுக்கு வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்தன. வந்தபோது சூரியகாந்திப் பூ அச்சிட்ட சுடுமண் பலகையாக வந்தது. என் தெருவில் முன்கதவுகளுக்கு மேலே அந்தச் சூரியகாந்தி வரிசையாக இருக்கிறது. இதே வேல்ஸ் கூரையும் இதே வளைவும் உள்ள அடுத்த தெருவில் அது இல்லை. அங்கே வாடகை சற்றுக் குறைவாக இருந்திருக்க வேண்டும்.

16 அக்டோபர் 2022

நேற்று எழுதியதற்கு ஒரு வரம்பு. சிவப்பு என்றால் வடக்கு, மஞ்சள் என்றால் லண்டன் என்று பிரித்துவிட முடியாது. லண்டனிலும் 1880களுக்குப் பிறகு முகப்புக்கு மட்டும் சிவப்பு வைத்து, பின்சுவரை உள்ளூர் மஞ்சள் செங்கல்லால் கட்டிய தெருக்கள் ஏராளம்.

29 அக்டோபர் 2022

முகப்பு, பின்சுவர் என்றதும் இந்த வீடுகளின் குணமே நினைவுக்கு வருகிறது. கட்டியவருக்குப் பணம் குறைவு. இருந்த பணத்தை எங்கே செலவழித்தார் என்பதில்தான் அவருடைய கலை இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பின்முற்றத்துக்குப் போக ஒரு குறுகிய வளைவுப் பாதை உண்டு. மிட்லாண்ட்ஸ் தெருக்களில் இது சாதாரணம். அந்தப் பாதையின் வாயிலில் நின்று மூலைச் செங்கல்லைப் பாருங்கள். தெருப்பக்கம் வழவழப்பான அழுத்தச் செங்கல். ஒவ்வொரு வரியிலும் ஒரு கல் நீளவாக்கில், அடுத்த கல் தலைகாட்டி, மாறி மாறி வரும் ஃப்ளெமிஷ் பிணைப்பு. இடையில் சாந்துக் கோடு ஒரு பென்சில் கோட்டின் அகலம்கூட இருக்காது. மூலையைத் திரும்பி ஓரடி உள்ளே வந்தால் காட்சி மாறிவிடுகிறது. கோணலான, வெந்தும் வேகாததுமான மலிவுச் செங்கல், விரல் பருமன் சாந்து, சில கற்களில் சூளையில் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய தழும்பு. தெருவில் போகிறவர் கண் எட்டும் தூரம்வரைதான் நல்ல கல்.

இதைப் போலித்தனம் என்று திட்டியவர்கள் அக்காலத்திலேயே உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவுக்கென்று ஒரு மரியாதை, வீட்டுக்குள் சிக்கனம் என்பது நமக்குப் புதிதான நடத்தை இல்லை.

செலவு தெரியும் இன்னோர் இடம் ஜன்னல் வளைவு. மணல் மிகுந்த மென்மையான சிவப்புச் செங்கல்லை எடுத்து, ஒவ்வொன்றையும் ஆப்பு வடிவத்தில் அறுத்து, கல்லில் தேய்த்து, சுண்ணாம்புப் பசையில் தோய்த்து, தாள் நுழையாத நெருக்கத்தில் பொருத்தியிருப்பார்கள். இது கைதேர்ந்த கொத்தனாரின் வேலை, கூலி அதிகம். அதனால் கீழ்த்தள முன்ஜன்னலுக்கு மட்டும் அந்த வளைவு இருக்கும், மேல்தளத்துக்குச் சாதாரண வளைவு, பின்பக்கத்துக்கு இரண்டு வரி செங்கல்லைக் குத்தவைத்து முடித்திருப்பார்கள். ஒரே வீட்டில் மூன்று தரம்.

தெருவையே இப்படி வாசிக்கலாம். கதவைத் திறந்தால் நடைபாதை, நுழைந்தால் நேரே முன்னறை என்றால் அது அடிப்படி. குட்டை மதிலும் கையகல முன்வெளியும் இருந்தால் ஒரு படி மேல். முன்னறையில் பிதுங்கிய மூன்று முக ஜன்னல் இருந்தால் இன்னொரு படி. அந்தப் பிதுக்கம் மேல்தளம்வரை ஏறினால் அங்கே குமாஸ்தா குடியிருந்திருப்பார். உள்ளே தனி நடையும், அதில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்டிலிருந்து வந்த மின்டன் வகை வண்ணத் தரையோடும் இருந்தால், வீட்டுவேலைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள முடிந்த குடும்பம்.

2 நவம்பர் 2022

பாதை வளைவுக்கு மேலே செங்கல்லால் அடைத்த ஜன்னல் வடிவம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. வீட்டு ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து வசூலித்த அந்த வரி 1851இலேயே ஒழிந்தது. இந்த வீடுகள் அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின் வந்தவை. அது அடைக்கப்பட்ட ஜன்னல் அல்ல, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். உள்ளே இரண்டு வீடுகளின் நடுச்சுவர் அந்த இடத்தில் வருகிறது. ஆனால் முகப்பில் ஜன்னல்களின் இடைவெளி தப்பக் கூடாது. தாளம் தப்பாமலிருக்க ஒரு பொய் ஜன்னல். வரியைக் குறை சொல்லும் கதை சுவையாக இருப்பதால் அது சாகாது என்பது வேறு.

வரிகள் நீங்கியதன் உண்மையான தடயம் வேறிடத்தில் இருக்கிறது. கண்ணாடி மீதான தீர்வை 1845இல் போனபின் பெரிய கண்ணாடி மலிந்தது. சிறு கட்டங்களாக இருந்த சட்டம் மறைந்தது. கண்ணாடியின் எடை கூடவே, மேலும் கீழும் நகரும் ஜன்னல் சட்டத்தின் மூலைகள் தளர்ந்துவிடாமலிருக்கப் பக்கச் சட்டத்தைச் சற்று நீட்டிக் கொம்புபோல் செதுக்கினார்கள். அந்தக் கொம்பு இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலம். இன்று பிளாஸ்டிக் ஜன்னல் விற்பவர்கள் அதையும் ஒட்டவைத்து விற்கிறார்கள்.

14 ஜனவரி 2023

உறைபனி விட்ட வாரம். முன்சுவரின் அடியில் செங்கல் தோல் மறுபடியும் உதிர்ந்து கிடக்கிறது.

இது கட்டியவரின் குறை அல்ல. எங்களுக்கு முன் இருந்தவர்கள் காலத்தில் யாரோ ஒரு மேஸ்திரி, பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு, இடைவெளிகளைச் சிமெண்டால் நிரப்பியிருக்கிறார். இந்தச் சுவர் ஒன்பது அங்குலப் பருமனுள்ள முழுச் சுவர். நடுவில் காற்றிடைவெளி கிடையாது. மழையில் நனையும், பிறகு காயும். அதுதான் அதன் இயல்பு. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையாக இருப்பதால் ஈரம் சாந்துவழியே வெளியேறும். காலப்போக்கில் தேய்வதும் சாந்துதான், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் கல்லின் முகத்தருகே தங்கி, உறைந்து விரியும்போது முகம் பிளந்து விழுகிறது. சூளையில் சுட்ட வெளித்தோல் போய்விட்டால் உள்ளே இருப்பது வெறும் பொடி.

சிமெண்டை எடுக்க ஒருவர் அறுக்கும் இயந்திரத்தோடு வந்தார்; கல் விளிம்பையும் சேர்த்து அறுத்துவிடும் என்று திருப்பி அனுப்பினேன். பிறகு வந்தவர் உளியும் சிறு சுத்தியலுமாக, ஒரு முழப் பரப்புக்கு அரைநாள் எடுத்துக்கொண்டார். கல்லை முதலில் நனைத்து, சுண்ணாம்பும் கரடு மணலும் கலந்த சாந்தை அழுத்தி, அது பாதி இறுகியதும் விறைத்த தூரிகையால் தட்டி, மேலே சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காத்தார். சுண்ணாம்புக் காரை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. அவருடைய கட்டணம் மட்டும் புதிது.

15 ஜனவரி 2023

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர், "உள்ளே பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு அங்கே இல்லையா" என்று கேட்கிறார். உண்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் அந்த முறை, கல்லில் சுமார் கால் பங்கை மிச்சப்படுத்தும் என்பதால் இங்கே எளிய குடியிருப்புகளிலும் கொட்டகைகளிலும் பயன்பட்டது. அதைக் கேரளத்தில் பரப்பிய லாரி பேக்கர் 1917இல் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே கட்டடக்கலை படித்தவர். மிட்லாண்ட்ஸ் செங்கல்லின் சிக்கனம் திருவனந்தபுரத்துக்குப் போன வழி அது.

4 பிப்ரவரி 2023

இதுவரை முகப்பையே பேசிவிட்டேன். இந்த வீடுகளின் கட்டமைப்பைத் தனி வீடாக விளக்கவே முடியாது என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

கூரையின் நீள உத்திரங்கள் இரண்டு பக்கப் பொதுச்சுவர்களில்தான் தாங்கி நிற்கின்றன. அடுத்த வீட்டின் உத்திரமும் அதே சுவரில் மறுபக்கம் நுழைகிறது. என் முன்னறைக் கணப்பும் பக்கத்து வீட்டுக் கணப்பும் முதுகோடு முதுகு ஒட்டியவை. அவற்றின் புகைக்கூண்டு கூரைக்கு மேலே ஒரே தூணாக எழுகிறது. பின்னால் நீண்டிருக்கும் சமையலறைப் பகுதிகூட இரண்டு வீடுகளுக்கு ஒரு சுவர் என்ற கணக்கில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைக்கப்பட்டது. சில இடங்களில் பாதைக்கு மேலே உள்ள அறை ஒரு வீட்டுக்குச் சொந்தம். கீழே நடக்கும் உரிமை இருவருக்கும். தோளில் கைபோட்டு நிற்கும் கூட்டத்தைப் போல் ஒன்றையொன்று தாங்குவதால்தான் இவ்வளவு மெல்லிய சுவர்கள் இத்தனை ஆண்டுகள் நின்றிருக்கின்றன.

ஐயமிருந்தால் தெருக்கோடி வீட்டின் பக்கச்சுவரைப் பாருங்கள். அந்தப் பக்கம் தாங்க யாரும் இல்லாததால் சுவர் வெளியே பிதுங்கும். அதைப் பிடித்திழுக்க வீட்டுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செலுத்தி, வெளியே பெருக்கல் குறி வடிவில் இரும்புத் தகடு பொருத்தியிருப்பார்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துக் கறுப்பு வண்ணம் அடிக்கிறார்கள்.

என்னுடைய முடிவு இதுதான்: இங்கே கட்டடம் என்பது வரிசை, வீடு அதன் ஒரு பகுதி. கதவு கதவு, ஜன்னல் ஜன்னல் என்று இரட்டை இரட்டையாக ஓடும் அந்த முகப்பில் ஒருவர் மட்டும் செயற்கைக் கல்லை ஒட்டினால், இன்னொருவர் மட்டும் வெள்ளையடித்தால், சேதம் அவருடைய பதினைந்து அடியோடு நிற்பதில்லை. என் தெருவில் அப்படி ஒரு முகப்பு இருக்கிறது. அதன் சொந்தக்காரர் மிக நல்ல மனிதர் என்பதால் இதற்குமேல் எழுதவில்லை.

11 மார்ச் 2023

முதல் வாசகரிடம் திரும்புகிறேன், ஏனென்றால் அவர் சொன்ன குளிரை நான் தட்டிக்கழித்துவிட்டேன்.

குளிர் உண்மை. ஒவ்வோர் அறையிலும் நிலக்கரி எரிய வேண்டும் என்று எண்ணிக் கட்டிய வீடு இது. நெருப்பு அறைக் காற்றை இழுத்துப் புகைக்கூண்டு வழியே அனுப்பும், கதவிடுக்கில் புதுக்காற்று நுழையும், சுவர் உலர்ந்திருக்கும். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டமும், 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் அந்த ஏற்பாட்டுக்கு முடிவுகட்டின. நாம் கணப்பை அடைத்தோம், இடுக்கையெல்லாம் மூடினோம், தரைக்கடியில் காற்றுப் போகச் சுவரின் அடியில் வைத்த துளைச் செங்கல்லைக்கூட எறும்பு வருகிறதென்று அடைத்தோம். உள்ளே இட்லிக் கொப்பரை, ரேடியேட்டரில் ஈரத்துணி. பிறகு சுவர் வியர்க்கிறது, பூசணம் பிடிக்கிறது என்று விக்டோரியாவைத் திட்டுகிறோம்.

ஆனால் எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்று சொல்லவும் நான் தயாரில்லை. பின்முற்றமே இல்லாமல் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டன. லீட்ஸில் மட்டும் முன்பே பெற்ற அனுமதிகளைக் காட்டி 1937வரை கட்டிக்கொண்டிருந்தார்கள். பர்மிங்காமில் அப்படிப்பட்ட ஒரு முற்றத்தை பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பாதுகாத்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் யாரும் அந்த வாழ்க்கையை ஏக்கத்தோடு பேச மாட்டார்கள்.

இடிப்பதுதான் தீர்வா என்பதற்கு லிவர்பூலே பதில் சொல்கிறது. 2002இல் தொடங்கிய அரசுத் திட்டம் வெல்ஷ் தெருக்களை இடிப்பதற்காகக் காலிசெய்தது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரிங்கோ ஸ்டார் பிறந்த வீடும் அதில் ஒன்று. பெரும்பகுதி கடைசியில் தப்பியது; உட்சுவர்கள் மாற்றப்பட்டு, மக்கள் மீண்டும் குடியேறினார்கள். அருகிலுள்ள கிரான்பியில் குடியிருப்பாளர்களும் அசெம்பிள் என்ற குழுவும் சேர்ந்து பாழடைந்த வரிசை வீடுகளைச் சீரமைத்ததற்கு 2015இல் டர்னர் பரிசு கிடைத்தது. ஓவியருக்கும் சிற்பிக்கும் போகும் பரிசு அந்த முறை வரிசை வீடுகளைத் தேடி வந்தது.

12 மார்ச் 2023

வெப்பக்காப்புப் பலகையை வெளிச்சுவரில் ஒட்டலாமா என்று கேட்டவருக்கு: முகப்பில் வேண்டாம். செங்கல், வளைவு, சூரியகாந்தி எல்லாம் பூச்சுக்குள் போய்விடும். இருபுறத்து வீடுகளுக்கும் உங்கள் சுவர் முன்தள்ளி நிற்கும். தெருவுக்குத் தெரியாத பின்பகுதியில், உள்ளூராட்சி அனுமதித்தால், ஈரம் கடத்தும் மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சுமாகச் செய்யலாம். அதற்கும் முன்னால் பரணில் காப்பு விரிப்பு, மரத்தரைக்கடியில் காப்பு, பழைய ஜன்னலுக்கு உட்புறம் இரண்டாவது கண்ணாடி. நாங்கள் இந்த வரிசையில்தான் போகிறோம்; பரண் முடிந்தது, தரை பாதியில் நிற்கிறது.

துளைச் செங்கல்லை இன்றைக்கே திறந்துவிடுங்கள். எறும்புக்கு வலை இருக்கிறது.